பழைய கார்ல எரியிற லைட்டும் கீழ சொட்டுற ஆயிலும்: ரெண்டையும் சேத்து வெச்சு கண்டுபிடிக்கிற வழி

நான் முதன்முதல்ல வாங்குன செகண்ட் ஹேண்ட் கார்ல டேஷ்போர்டுல ஒரு லைட்டு கூட எரியல, பானெட்ட தூக்குனா உள்ள கழுவி தொடைச்சு பளபளன்னு இருந்துச்சு, அதப் பாத்து மயங்கித்தான் வாங்குனேன். பத்து நாள் கூட ஆகல, செக் என்ஜின் லைட்டு வந்துருச்சு, வண்டி ஐடில்ல நிக்கும்போது உதற ஆரம்பிச்சுது. ஒரு மெக்கானிக் பிளக்க மாத்துனாரு, இன்னொருத்தர் சென்சார மாத்துனாரு, ரெண்டு வாரம் அமைதியா இருக்கும், மறுபடி வரும். கடைசில பாத்தா டேப்பெட் கவர் பேக்கிங் (என்ஜின் மேல இருக்குற மூடியோட ரப்பர் சீல்) போயி ஆயில் இறங்கி பிளக் குழிக்குள்ள குளம் மாதிரி நிக்குது, அதுல காயிலோட (பிளக்குக்கு கரண்ட் கொடுக்குறது) ரப்பர் ஊறி கரண்ட் பிளக்குக்கு போகாம பக்கத்துல தாவுது. லைட்ட ஒருத்தர் பாத்தாரு, லீக்க ஒருத்தர் பாத்தாரு, ரெண்டு மாசம் போச்சு, காரணம் ஒரே ஒரு ரப்பர் பேக்கிங்.

அதுக்கப்புறம் எந்த பழைய வண்டியப் பாத்தாலும் ரெண்டையும் ஒண்ணாவே பாக்குற பழக்கம் வந்துருச்சு. வாங்கப் போற வண்டியா இருந்தாலும் சரி, ஏற்கனவே வீட்டுல நிக்கிற வண்டியா இருந்தாலும் சரி, நான் பாக்குற வரிசை இதுதான்.

முதல்ல, வண்டி ஜில்லுன்னு இருக்கும்போது

விக்கிறவர்கிட்ட போன்லயே சொல்லிருங்க, நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு. போனதும் முதல் வேலை பானெட்டு மேல கைய வைக்கிறது. சூடா இருந்தா அவர் ஏதோ ஒண்ண மறைக்க ஓட்டி வெச்சிருக்கலாம், இல்ல சும்மா பக்கத்துல போயிட்டு வந்திருக்கலாம், எதுவா இருந்தாலும் சூடு ஆறுற வரைக்கும் காத்திருங்க இல்ல இன்னொரு நாள் காலையில வரேன்னு கிளம்பிருங்க. ஜில்லு என்ஜின்ல தெரியிற விஷயம் பாதி சூடானதும் மறைஞ்சிரும்.

டிப்ஸ்டிக்க, அதாவது என்ஜின் ஆயில் அளவு பாக்குற கம்பிய, எடுத்து துடைச்சு மறுபடி விட்டு எடுங்க. லெவல் ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருக்கணும். டீசல் வண்டில ஆயில் கருப்பா இருக்குறது சாதாரணம், மாத்தி கொஞ்ச நேரத்துலயே கருத்துரும், அதப் பாத்து பயப்பட வேணாம். லெவல் மேல் கோட்ட தாண்டி இருந்தா தான் யோசிக்கணும், டீசல் பார்ட்டிக்குலேட் ஃபில்டர் (புகையில வர்ற கரிய பிடிச்சு எரிக்கிறது) இருக்குற வண்டில அந்த ஃபில்டர் சுத்தமாகாம பாதில பாதில நின்னு போச்சுன்னா டீசல் ஆயிலோட கலந்து லெவல் ஏறும், ஆயில் நீத்துப் போயிரும். டிப்ஸ்டிக்க மோந்து பாருங்க, டீசல் வாசனை தூக்கலா வந்தா அதுதான்.

ஆயில் மூடிய திறந்து அடிப்பக்கம் பாருங்க. வெளிறுன பழுப்புல நுரை மாதிரி ஒட்டியிருந்தா எல்லாரும் உடனே ஹெட் கேஸ்கெட் (என்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்குற சீல்) போச்சுன்னு சொல்லுவாங்க, அவசரப்படாதீங்க. குளிர்ல கொஞ்ச தூரம் மட்டுமே ஓடுற வண்டில ஆவி அங்க தங்கி இந்த நுரை வரும். டிப்ஸ்டிக்லயும் அதே நுரை இருந்து கூலண்டும் குறைஞ்சிருந்தா அப்ப தான் சீரியஸ்.

கூலண்ட் டேங்க்ல லெவல் பாருங்க, உள்ள ஆயில் படலம் மிதக்குதான்னு பாருங்க. வெறும் தண்ணியா, துரு நிறமா இருந்தா முன்னாடி எங்கயோ லீக் ஆகி அவசரத்துக்கு தண்ணி ஊத்தியே ஓட்டியிருக்காங்கன்னு அர்த்தம். இந்த மூடிய ஜில்லுன்னு இருக்கும்போது மட்டும் தான் திறக்கணும், சூடா இருக்கும்போது உள்ள பிரஷர் இருக்கும், கொதிக்கிற தண்ணி மூஞ்சில அடிக்கும்.

சாவிய ஆன்ல வெச்சு ஒரு நிமிஷம் நில்லுங்க

ஸ்டார்ட் பண்ணாம இக்னிஷன மட்டும் ஆன் பண்ணா எல்லா வார்னிங் லைட்டும் ஒரு தடவ எரியணும். செக் என்ஜின், ஆயில், பேட்டரி, ஏபிஎஸ், ஏர்பேக் எல்லாம். இது டேஷ்போர்டு தன்னைத்தானே செக் பண்ணிக்கிறது. இந்த நேரத்துல செக் என்ஜின் லைட்டு எரியலன்னா அதுதான் பெரிய வார்னிங், பல்ப கழட்டியிருக்காங்க, இல்ல பின்னாடி டேப் ஒட்டியிருக்காங்க. ஏர்பேக் லைட்ட ஏபிஎஸ் லைட்டோட வயர்ல சேத்து விட்டு ரெண்டும் ஒண்ணா எரிஞ்சு ஒண்ணா அணையிற மாதிரி பண்ணுற ஆளுங்களும் இருக்காங்க, அதனால எது எப்ப அணையுதுன்னு நல்லா கவனிங்க, போன்ல வீடியோ எடுத்து வெச்சு மெதுவா ஓட்டிப் பாத்தா இன்னும் நல்லது.

ஸ்டார்ட் ஆனதும் ஆயில் லைட்டு, பேட்டரி லைட்டு ரெண்டும் ஒரு சில செகண்டுல அணையணும். யாராவது ஒருத்தர சைலன்சர் பக்கம் நிக்க வைங்க. ஜில்லு ஸ்டார்ட்ல ஒரு கொத்து நீலப்புகை வந்து நின்னுட்டா வால்வு சீல் தேஞ்சிருக்கலாம், ஓட்டும்போது ஆக்ஸிலரேட்டர மிதிச்சா தொடர்ந்து நீலமா வந்தா பிஸ்டன் ரிங்ஸ் இல்ல டர்போ. கருப்பு புகைன்னா பெட்ரோலோ டீசலோ அதிகமா போகுது. வெள்ளையா கொஞ்சம் ஆவி வந்து சூடானதும் மறைஞ்சா அது வெறும் தண்ணி, சூடான அப்புறமும் அடர்த்தியா இனிப்பு வாசனையோட வந்தா கூலண்ட் எரியுது.

எந்த லைட்டுக்கு எவ்வளவு பயப்படணும்

சிவப்புன்னா நிறுத்து, மஞ்சள்னா சீக்கிரம் பாரு, பச்சையும் நீலமும் சும்மா தகவல். இது பொதுவா எல்லா வண்டிக்கும் பொருந்தும்.

சிவப்புல ஆயில் லைட்டப் பத்தி தான் நிறைய பேருக்கு தப்பான எண்ணம். ஆயில் குறைஞ்சா எரியும்னு நினைக்கிறாங்க, பெரும்பாலான வண்டில அந்த சிவப்பு கேன் லைட்டு பிரஷர பாத்து தான் எரியுது. அதுவும் பிரஷர் கிட்டத்தட்ட 0.3ல இருந்து 0.5 பார் வரைக்கும் விழுந்த அப்புறம் தான் சுவிட்ச் வேலை செய்யும், அதாவது லைட்டு வரும்போது பேரிங்குக்கு ஆயில் போறது ஏறக்குறைய நின்னே போச்சு. ஓடும்போது இது நிலையா எரிஞ்சா அடுத்த பங்க் வரைக்கும் போயிரலாம்னு பாக்காதீங்க, ஓரமா நிறுத்தி ஆஃப் பண்ணுங்க.

ஆனா எப்ப எரியுதுன்னு பாத்தா பாதி விடை கிடைச்சிரும். வளைவுல திரும்பும்போதோ பிரேக் அடிக்கும்போதோ மினுக்குன்னு வந்து போனா லெவல் குறைவு, ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காத்த இழுக்குது. நல்லா சூடான அப்புறம் ஐடில்ல மட்டும் மினுக்கி, கொஞ்சம் ரேஸ் பண்ணா அணைஞ்சா ஆயில் நீத்துப்போயிருக்கு, இல்ல தப்பான கிரேடு ஊத்தியிருக்காங்க, இல்ல பேரிங் தேஞ்சு பிரஷர் நிக்கல. சத்தம் எதுவும் இல்லாம லெவலும் சரியா இருந்து லைட்டு மட்டும் கண்டபடி வந்து போனா அந்த பிரஷர் சுவிட்சையே சந்தேகப்படுங்க, அதோட கனெக்டர கழட்டிப் பாருங்க, உள்ள ஆயில் ஈரம் இருந்தா சுவிட்சே லீக் ஆகுது, லைட்டும் லீக்கும் ஒரே பொருள்ல இருந்து வருது. உறுதி பண்ண ஒரே வழி சுவிட்ச கழட்டிட்டு அந்த இடத்துல மெக்கானிக்கல் கேஜ மாட்டிப் பாக்குறது தான். 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ இருக்கணும்னு மெக்கானிக்குங்க ஒரு பழைய கணக்கு சொல்லுவாங்க, ஆனா ஒவ்வொரு என்ஜினுக்கும் மேனுவல்ல போட்டிருக்குற அளவு தான் சரியான அளவு.

டெம்பரேச்சர்ல ஒரு விஷயம் மட்டும் மறக்காதீங்க. முள்ளு மேல ஏறுனா எல்லாருக்கும் தெரியும், ஆனா நல்லா ஓடிட்டு இருக்குற முள்ளு திடீர்னு கீழ விழுந்தாலும் ஆபத்து தான், ஏன்னா கூலண்ட் வெளிய போயி சென்சார் காத்துல தொங்கிட்டு இருந்தா அது கம்மியா காட்டும், என்ஜின் உள்ள வெந்துட்டு இருக்கும். ஹீட்டர போட்டுப் பாருங்க, சூடா வந்துட்டு இருந்தது திடீர்னு ஜில்லு காத்தா மாறுனா கூலண்ட் இல்ல.

பேட்டரி லைட்டுன்னா பேட்டரி கெட்டுப்போச்சுன்னு மாத்திராதீங்க, சார்ஜ் ஏறலன்னு தான் அது சொல்லுது. ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். நிறுத்தி ரெண்டு மூணு மணி நேரம் ஆன வண்டில 12.6 வோல்ட் பக்கம் இருக்கணும், ஓடும்போது பொதுவா 13.8ல இருந்து 14.5 வரைக்கும் இருக்கும். ஏறலன்னா ஆல்டர்னேட்டர குறை சொல்றதுக்கு முன்னாடி பெல்ட பாருங்க, பெல்ட் மேல பவர் ஸ்டியரிங் ஆயிலோ வாட்டர் பம்ப்ல இருந்து கூலண்டோ தெறிச்சு வழுக்குதான்னு பாருங்க. மேல இருக்குற ஹோஸ்ல லீக் இருந்தா சொட்டு நேரா ஆல்டர்னேட்டர் மேல விழுற மாதிரி அமைஞ்ச வண்டிங்க நிறைய இருக்கு, புதுசா மாத்துன ஆல்டர்னேட்டரும் அதே மாதிரி போகும்.

பிரேக் லைட்டு திருப்பத்துல மட்டும் மினுக்குனா பிரேக் ஆயில் லெவல் குறைவு. பேடு தேஞ்சாலும் லெவல் மெதுவா இறங்கும், அது லீக்கு இல்ல, அதனால ஊத்துறதுக்கு முன்னாடி பேட பாருங்க. பேடு நல்லா இருந்து லெவல் இறங்குதுன்னா எங்கயோ ஒழுகுது, அந்த வண்டிய டெஸ்ட் டிரைவ் கூட எடுக்காதீங்க. ஏபிஎஸ் லைட்டு பெரும்பாலும் வீல் ஸ்பீடு சென்சார் இல்ல அதோட வயரு.

எல்லா லைட்டும் ஒரே நேரத்துல எரிஞ்சா பத்து பிரச்சனைன்னு நினைக்க வேணாம். வோல்டேஜ் விழுந்தா ஒவ்வொரு கம்ப்யூட்டரும் குழம்பி ஒவ்வொரு லைட்ட போடும். டெர்மினல் லூஸ், எர்த் வயர் துரு, இந்த ரெண்டையும் முதல்ல பாருங்க.

ஸ்கேனர் மாட்டும்போது கோளாறு கோடு (code) மட்டும் பாத்தா போதாது

அமெரிக்காவுல 1996 மாடல்ல இருந்தும், ஐரோப்பாவுல பெட்ரோல் கார்களுக்கு 2001ல இருந்தும் ஓபிடி (வண்டி தன் கோளாற தானே பதிவு பண்ற அமைப்பு) கட்டாயம், அதனால இப்ப கைக்கு வர்ற பெரும்பாலான பழைய கார்ல ஸ்டியரிங்குக்கு கீழ எங்கயாவது 16 பின் சாக்கெட் இருக்கும். ப்ளூடூத்துல போனோட சேர்ற சின்ன ஸ்கேனர் போதும், பெரிய மெஷின் வேணும்னு இல்ல.

கோடுல முதல் எழுத்து P-ன்னா என்ஜின் கியர்பாக்ஸ், C-ன்னா பிரேக் ஸ்டியரிங் மாதிரி அடிப்பக்கம், B-ன்னா பாடி, U-ன்னா கம்ப்யூட்டருங்க ஒண்ணோட ஒண்ணு பேசுறதுல தகராறு. என்ஜின் கோடுல அடுத்த நம்பர் 0ன்னா எல்லா கம்பெனிக்கும் பொது, 1ன்னா அந்த கம்பெனியோட சொந்த கோடு, அதுக்கு அந்த வண்டியோட மேனுவல் தான் பாக்கணும்.

வாங்கப் போற வண்டில நான் கோடுக்கு முன்னாடி பாக்குறது ரெடினஸ். கம்ப்யூட்டர் தன்னோட ஒவ்வொரு டெஸ்ட்டையும் முடிச்சதா இல்லையான்னு காட்டுற பக்கம் அது. யாராவது கோட அழிச்சா இந்த டெஸ்ட் எல்லாம் மறுபடி பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கும். கோடு எதுவும் இல்ல, ஆனா பாதி டெஸ்ட் முடியலன்னு காட்டுதுன்னா நேத்தோ இன்னிக்கு காலையிலயோ அழிச்சிருக்காங்க. பேட்டரி கழட்டி மாட்டுனாலும் இப்படி ஆகும், அதனால "பேட்டரி மாத்துனீங்களா"ன்னு சாதாரணமா கேளுங்க, ஆமான்னு சொன்னா பேட்டரிய பாருங்க, அது பழசா இருந்தா கதை புரிஞ்சிரும். நிறைய வண்டில கோடு அழிச்சு எத்தன கிலோமீட்டர் ஓடியிருக்குன்னே ஸ்கேனர்ல காட்டும், மூணு கிலோமீட்டர்னு வந்தா பேரம் பேச வேற எதுவும் வேணாம்.

இன்னொண்ணு, நிறைய கோளாறு அடுத்தடுத்து ரெண்டு ஓட்டத்துல வந்தா தான் லைட்டே எரியும். பத்து நிமிஷ டெஸ்ட் டிரைவ்ல லைட்டு வரலன்னா வண்டி நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல. பெண்டிங் கோடுன்னு தனியா ஒரு பக்கம் இருக்கும், முதல் தடவ மாட்டுனதெல்லாம் அங்க கிடக்கும்.

கோடு இருந்தா அழிக்காதீங்க, முதல்ல ஃப்ரீஸ் ஃப்ரேம எடுத்து ஸ்க்ரீன்ஷாட் போட்டு வைங்க. கோளாறு வந்த நொடியில என்ஜின் எவ்வளவு சூடு, எத்தன ஆர்பிஎம், என்ன ஸ்பீடுன்னு அதுல பதிவாகி இருக்கும். ஜில்லுன்னு இருக்கும்போது மிஸ் ஆனதுக்கும் மேடு ஏறும்போது மிஸ் ஆனதுக்கும் காரணம் வேற வேற, அழிச்சா அந்த தகவலும் போயிரும்.

அடிக்கடி வர்ற அஞ்சு கோடு

பி0300ல இருந்து ஆரம்பிக்கிறது மிஸ்ஃபயர். 0301ன்னா ஒண்ணாவது சிலிண்டர், 0302ன்னா ரெண்டாவது, 0300ன்னா எங்கன்னு நிலையா இல்ல. ஓடும்போது செக் என்ஜின் லைட்டு மினுக்குனா அது மோசமான மிஸ்ஃபயர், எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்ல (சைலன்சர் குழாய்ல புகைய சுத்தம் பண்ற பார்ட்) போயி எரிஞ்சு அத உருக்கிரும், ஆக்ஸிலரேட்டர விட்டுட்டு சீக்கிரம் நிறுத்துங்க. ஒரு சிலிண்டர்ல மட்டும்னா செலவே இல்லாத டெஸ்ட் இருக்கு, ரெண்டாவது சிலிண்டர் காயில மூணாவதுல மாட்டி ஓட்டுங்க, கோடு 0303க்கு மாறுனா காயில் தான், மாறலன்னா அடுத்து பிளக், அப்புறம் இன்ஜெக்டர், அப்புறம் கம்ப்ரெஷன். காயில தூக்கும்போதே அடியில பாத்துருங்க, ஆயில் ஒட்டியிருந்தா காயில மட்டும் மாத்தி பிரயோஜனம் இல்ல, டேப்பெட் கவர் பேக்கிங்கும் பிளக் குழி சீலும் சேத்து மாத்தணும். என் கதை இங்க தான் முடிஞ்சுது.

பி0171ன்னா காத்து அதிகம் பெட்ரோல் கம்மி. இதுக்கு சென்சார் வாங்கிப் போடுறவங்க தான் அதிகம், ஆனா லைவ் டேட்டாவுல ஃபியூயல் ட்ரிம் பாத்தா பணம் மிச்சம். அது கம்ப்யூட்டர் எத்தன சதவீதம் பெட்ரோல கூட்டியோ குறைச்சோ போடுதுன்னு காட்டும், பொதுவா கூட்டல் கழித்தல் 10க்குள்ள இருக்கணும். ஐடில்ல கூட்டல் 20ன்னு இருந்து 2500 ஆர்பிஎம்ல பிடிச்சா சாதாரணத்துக்கு வந்துட்டா எங்கயோ வேக்கம் லீக் (கணக்குல வராத காத்து ஓட்டை வழியா உள்ள போறது), ஏன்னா ஐடில்ல உள்ள போற காத்தே கொஞ்சம் தான், அதுல ஓட்டை வழியா வர்றது பெரிய பங்கு. மாறா ஐடில்ல சரியா இருந்து ரேஸ் பண்ணப் பண்ண ஏறுனா பெட்ரோல் பிரஷர் பத்தல இல்ல ஏர்ஃப்ளோ சென்சார் அழுக்கு. டிப்ஸ்டிக் சரியா உக்காரலன்னாலோ ஆயில் மூடி லூஸா இருந்தாலோ கூட சில பெட்ரோல் என்ஜின்ல இந்த கோடு வரும், சிரிக்காதீங்க, நான் பாத்திருக்கேன்.

பி0420ன்னா கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சரியா வேலை செய்யல. இருக்குறதுலயே விலை கூடுன பார்ட்ல ஒண்ணு, அதனால மாத்துறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. எக்ஸாஸ்ட்ல ஓட்டை இருக்கா, ஜில்லு ஸ்டார்ட்ல டிக் டிக்குன்னு சத்தம் வந்து சூடானதும் குறையும், பக்கத்துல கரி படிஞ்சிருக்கும். ரொம்ப நாள் மிஸ்ஃபயரோட ஓட்டுனாங்களா. என்ஜின் ஆயில் குடிக்குதா. கடைசி ரெண்டுக்கும் ஆமான்னா புதுசு போட்டாலும் அதுவும் போயிரும், நோய பாக்காம மருந்து மாத்துற கதை.

பி0128ன்னா என்ஜின் சூடாக வேண்டிய நேரத்துல சூடாகல. பெரும்பாலும் தெர்மோஸ்டாட் (சூடுக்கு ஏத்த மாதிரி கூலண்ட் வழிய திறந்து மூடுற வால்வு) திறந்தபடி மாட்டிக்கிச்சு, ஆனா கூலண்ட் கம்மியா இருந்தாலும் இதே கோடு வரும், லெவல பாக்காம தெர்மோஸ்டாட் வாங்காதீங்க.

பெட்ரோல் ஆவி லீக்குன்னு பி0455 வந்தா டேங்க் மூடிய ரப்பரோட பாத்து நல்லா முறுக்கி மூடுங்க, லைட்டு உடனே அணையாது, சில நாள் ஓடணும்.

இப்ப கீழ குனிஞ்சு பாக்குற நேரம்

இரவு நிறுத்தும்போது வண்டிக்கு அடியில பெரிய வெள்ளை அட்டைய விரிச்சு, டயர் எங்க இருக்குன்னு அதுலயே கோடு போட்டு வைங்க. காலையில எந்த இடத்துல என்ன நிறத்துல எவ்வளவுன்னு மூணும் தெரிஞ்சிரும். தரையில பாத்தா பழைய கறையும் புதுசும் குழம்பும்.

தெளிஞ்ச தண்ணி, வாசனை இல்ல, ஏசி போட்டு ஓட்டியிருந்தீங்கன்னா அது ஏசி தண்ணி, விடுங்க. பழுப்புல இருந்து கருப்பு வரைக்கும் வழுவழுன்னு இருந்தா என்ஜின் ஆயில். பச்சை, ரோஸ், ஆரஞ்சு, நீலம், இதுல எதுவா இருந்தாலும் பிசுபிசுன்னு இனிப்பா வாசனை வந்தா கூலண்ட், நிறம் கம்பெனிக்கு கம்பெனி மாறும். இத அப்படியே விட்டுறாதீங்க, இனிப்பா இருக்குறதால நாய் பூனை நக்கும், அதுல இருக்குற எத்திலீன் கிளைக்கால் கொஞ்சமே போதும் உயிர் போக. சிவப்பா இருந்தா ஆட்டோ கியர்பாக்ஸ் ஆயில் இல்ல பவர் ஸ்டியரிங். கெட்டியா கந்தக வாடையோட இருந்தா கியர் ஆயில். வெளிர் மஞ்சள்ல மெல்லிசா, சக்கரத்துக்கு உள்பக்கம் வழிஞ்சிருந்தா பிரேக் ஆயில், பெயிண்ட் மேல பட்டா உரிச்சிரும், உடனே தண்ணி ஊத்தி கழுவுங்க. பெட்ரோல் வாசனைன்னா மத்தது எல்லாத்தையும் நிறுத்திட்டு அதப் பாருங்க, ஸ்டார்ட் பண்ணாதீங்க.

அடியில போறதா இருந்தா ஜாக்கிய மட்டும் நம்பி போகாதீங்க, ஸ்டாண்ட் வெச்சு, சக்கரத்துக்கு கட்டை கொடுத்து, ஆட்டிப் பாத்துட்டு தான் தலைய உள்ள விடணும். ரேடியேட்டர் ஃபேன் ஆஃப் பண்ண அப்புறமும் சில வண்டில தானா சுத்த ஆரம்பிக்கும், கைய தள்ளியே வைங்க.

சொட்டுற இடம் வேற, ஒழுகுற இடம் வேற

இந்த ஒண்ணுல தான் அதிகமா ஏமாறுறோம். மேல டேப்பெட் கவர்ல கசியிற ஆயில் என்ஜின் பின்பக்கமா இறங்கி, கியர்பாக்ஸ் சேர்ற இடத்துல வந்து சொட்டும், பாக்குறவங்க ரியர் மெயின் சீல் (கிராங்க் ஷாஃப்ட் பின்முனையில இருக்குற சீல்) போச்சு, கியர்பாக்ஸ இறக்கணும்னு சொல்லிருவாங்க. ஓடும்போது காத்தும் ஆயில பின்னாடி தள்ளும். அதனால ஈரமா இருக்குற இடத்துலயே ரொம்ப மேலயும் ரொம்ப முன்னாடியும் எது இருக்கோ அங்க இருந்து ஆரம்பிங்க.

பழைய அழுக்கோட எதுவும் கண்டுபிடிக்க முடியாது. கழுவணும், ஆனா கரண்ட் கனெக்டர், காயில், ஆல்டர்னேட்டர் மேல பிரஷர் தண்ணிய அடிச்சா புதுசா ரெண்டு லைட்டு வரும், டீகிரீஸர் போட்டு பிரஷ்ஷால தேச்சு துணியால துடைக்கிறது தான் நல்லது. காய்ஞ்சதும் சந்தேகப்படுற இடத்துல முகப்பவுடர தூவி பதினஞ்சு இருபது நிமிஷம் ஓட்டிட்டு வந்து பாருங்க, ஈரம் முதல்ல எங்க கோடு போட்டிருக்கோ அதுதான் இடம். அப்பவும் தெரியலன்னா ஆயில்ல கலக்குற யூவி டை இருக்கு, ரெண்டு நாள் ஓட்டிட்டு இருட்டுல நீல டார்ச் அடிச்சா பச்சை மஞ்சளா ஒளிரும். டேப்பெட் கவர், ஆயில் ஃபில்டர் உக்கார்ற இடம், பிரஷர் சுவிட்ச், கேம் சென்சார் ஓரிங், டிரெய்ன் போல்ட் வாஷர், சம்ப், இந்த வரிசையில பாத்தாலே பெரும்பாலும் மாட்டிரும். ஃபில்டர்ல பழைய ரப்பர் வளையம் ஒட்டிக்கிட்டு அது மேலயே புதுசையும் மாட்டி இருப்பாங்க, அது கொஞ்சம் கசியிறதோட நிக்காது, ஒரு நாள் மொத்தமா கொட்டும்.

நாலஞ்சு இடத்துல ஒரே நேரத்துல கசிஞ்சா ஒவ்வொரு சீலா மாத்த ஆரம்பிக்காதீங்க, பிசிவி வால்வ பாருங்க. என்ஜினுக்குள்ள சேர்ற ஆவிய இழுத்து இன்டேக்குக்கு அனுப்புற வழி அது, அடைச்சா உள்ள பிரஷர் கூடி பலவீனமா இருக்குற சீல் எல்லாத்தையும் பிதுக்கும். பெட்ரோல் என்ஜின ஐடில்ல விட்டு ஆயில் மூடிய எடுத்து அந்த வாய் மேல ஒரு மெல்லிசான பேப்பர வைங்க, லேசா உள்ள இழுக்கணும். வெளிய தள்ளி புகை வந்தா அடைப்பு, இல்ல ரிங்ஸ் போயி கம்ப்ரெஷன் கீழ இறங்குது. மூடிய எடுக்கவே முடியாத அளவு பலமா இழுத்து விசில் மாதிரி சத்தம் கேட்டா பிசிவிக்குள்ள இருக்குற டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கு, அது வேக்கம் லீக்கும் தான், பி0171 லைட்டும் கூட வரும்.

கூலண்ட் குறையுது, ஆனா கீழ எதுவும் இல்ல

இது தான் கஷ்டமான கேஸ். முதல்ல காஞ்சுபோன தடம் தேடுங்க, ஹோஸ் கிளிப் ஓரத்துல, ரேடியேட்டர் ஓரத்துல, வாட்டர் பம்ப் அடியில இருக்குற சின்ன துளைகிட்ட வெள்ளையாவோ பச்சையாவோ உப்பு படிஞ்ச மாதிரி இருக்கும். சூட்டுல ஒழுகுனது தரைக்கு வர்றதுக்கு முன்னாடியே ஆவியாயிரும். உள்ள முன்சீட்டு கார்பெட்ட தொட்டுப் பாருங்க, ஈரமா பிசுபிசுப்பா இருந்து கண்ணாடியில எண்ணெய்ப்பசை மாதிரி பனி படிஞ்சா ஹீட்டர் கோர் (டேஷ்போர்டுக்கு பின்னாடி இருக்குற சின்ன ரேடியேட்டர்) ஒழுகுது.

அங்கயும் இல்லன்னா பிரஷர் டெஸ்டர். ஜில்லுன்னு இருக்கும்போது மூடி இடத்துல மாட்டி, மூடியில போட்டிருக்குற அளவு வரைக்கும் பம்ப் பண்ணி விட்டுட்டு ஒரு கால் மணி நேரம் முள்ள பாருங்க. இறங்குனா எங்கயோ போகுது, அந்த பிரஷர்ல வெளி லீக்கு தன்னால கண்ணுக்கு தெரியும். இறங்குது ஆனா வெளிய ஒரு சொட்டு இல்லன்னா உள்ள போகுது. அப்ப ஹெட் கேஸ்கெட்டுக்கு பிளாக் டெஸ்ட், நீல திரவம் இருக்குற குழாய டேங்க் வாய்ல வெச்சு ஓடுற என்ஜின்ல மேல நிக்கிற ஆவிய இழுக்கணும், எரிஞ்ச வாயு கலந்திருந்தா மஞ்சளா மாறும். டீசல்ல ஹெட் கேஸ்கெட் நல்லா இருந்தும் கூலண்ட் குறைஞ்சா ஈஜிஆர் கூலர் (என்ஜினுக்கே திரும்பி வர்ற புகைய கூலண்டால ஆற வைக்கிறது) உள்ள ஓட்டை விழுந்திருக்கான்னு பாக்கணும், வெள்ளைப்புகை அதுலயும் வரும், ஹெட்ட இறக்குனதுக்கு அப்புறம் இது தெரிஞ்சா வயித்தெரிச்சல் தான்.

சரி பண்ண அப்புறம்

கோட அழிச்சு, ஆயிலும் கூலண்டும் லெவல் பாத்து போட்டோ எடுத்து தேதி கிலோமீட்டரோட எழுதி வைங்க. ஒரு வாரம் ஜில்லுலயும் சூட்டுலயும், ஊருக்குள்ளயும் ஹைவேயிலயும் கலந்து ஓட்டுனா தான் ரெடினஸ் எல்லாம் முடியும். எல்லாம் முடிஞ்சு பெண்டிங் பக்கமும் காலியா இருந்து, அட்டையும் காலையில சுத்தமா இருந்தா வேலை முடிஞ்சுது. டேப்பெட் கவர்ல லேசா ஈரம் மட்டும், சொட்டு இல்ல, பிளக் குழி காஞ்சிருக்குன்னா அத அடுத்த சர்வீஸ் வரைக்கும் நான் விட்டுருவேன், ஆனா பிரேக் ஆயில், பெட்ரோல், சிவப்பு ஆயில் லைட்டு, இந்த மூணுல எது இருந்தாலும் வண்டிய அந்த இடத்துல இருந்து ஓட்டிட்டுப் போகக்கூடாது, வேற வண்டில ஏத்திட்டு தான் போகணும்.